பள்ளி வாயிலில் ஒரு சிறுமி

பிறந்த நாட்டை விட்டுப் பிறிதொரு நாட்டிற் குடியேறுவோர் முதற்கண் தேடுவன இரண்டு: ஒதுங்க ஒரு மனை, உண்ண ஒரு தொழில். இவ்விரண்டும் ஒருவாறு அமைந்தபின், மக்களைப் பெற்றோர்க்கு வேறொரு கவலை பிறக்கும். பிள்ளைகளை எந்தப் பள்ளியிற் சேர்ப்பது? அங்கே சேர்த்துக்கொள்வார்களா? மொழி அறியாப் பிள்ளை அங்கே என்ன செய்யும்? என்பனவே அக்கவலை. மூத்தோர் புதுநாட்டில் விருந்தினர் போலவே வாழ்ந்து முடித்துவிடலாம். தம் மொழி பேசுவோர் வாழும் தெருவிற் கடை வைத்து, அத்தெருவிலேயே நட்புக் கொண்டு, ஊர்மொழியில் நாலு சொல்லும் அறியாமலே நரை எய்தியவர் பலர். பிள்ளைகளுக்கோ அது இயலாது. அந்நாட்டுப் பிள்ளைகளோடு ஒரே பலகையில் அமர்ந்து, அந்நாட்டு மொழியிற் கணக்கும் வரலாறும் கற்று, அந்நாட்டு விளையாட்டை ஆடி வளர வேண்டியவர்கள் அவர்கள். ஆதலின், குடியேறிய குடும்பம் ஒன்று ஊர்க்குடும்பமாக மாறும் இடம் பள்ளி வாயில் எனலாம்.

அவ்வாயில் எக்காலத்தும் எல்லார்க்கும் திறந்திருந்ததன்று. ஐக்கிய அமெரிக்காவில் அதைத் தட்டித் திறந்தோர் வரலாறு நெடியது. சான் பிரான்சிஸ்கோ நகரத்தில், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் கையைப் பற்றிக்கொண்டு அவள் அன்னை தலைமையாசிரியையின் முன் சென்று நின்ற நாளிலிருந்து அதனைத் தொடங்கலாம்.

கலிபோர்னியாவிற் பொன் கிடைக்கிறது என்னும் செய்தி 1848 ஆம் ஆண்டுக்குப் பின் உலகெங்கும் பரவிற்று. சீன நாட்டின் தென்கரையிலும் அச்செய்தி எட்டியது. குவாங்துங் மாநிலத்திலிருந்து பல்லாயிரவர் கப்பலேறினர். பொன் கண்டவர் சிலரே. மற்றையோர் துணி வெளுத்தனர், காய்கறி பயிரிட்டனர், இருப்புப்பாதை அமைத்தனர். அமெரிக்காவின் கீழ்ப்பகுதியையும் மேற்கரையையும் இணைத்து 1869 இல் நிறைவெய்திய பெரும் இருப்புப்பாதையின் மேற்குக் கூற்றை இட்டவருள் மிகப் பெரும்பாலார் சீனர். மலையைக் குடைந்தவர்களும், பனியிற் புதைந்து மாண்டவர்களும் அவர்களே. வேலை முடிந்து, தொழில் நலிந்து, கூலி குறைந்தபோது, 'எம் வாயிற் சோற்றைப் பறிக்க வந்தவர்கள்' என்று வெள்ளையர் அவர்களைச் சினந்தனர். 1882 இல் சீனத் தொழிலாளர் நாட்டினுள் வருவதையே தடுத்து அமெரிக்கப் பேரவை சட்டம் இயற்றியது.

சான் பிரான்சிஸ்கோ நகரிற் சீனர் வரி செலுத்தினர். அவ்வரியில் ஒரு கூறு பள்ளிகளுக்குச் சென்றது. ஆயினும், சீனப் பிள்ளைகளுக்கென 1859 இல் திறக்கப்பெற்ற சிறு பள்ளியும் 1871 இல் மூடப்பட்டது. அதன்பின் பதினான்கு ஆண்டுகள் நகரத்துப் பொதுப்பள்ளி எதுவும் அவர்களுக்கு இல்லை. பாதிரிமார் நடத்திய வகுப்புகளையும், வீட்டிற்கு வரும் ஆசிரியரையுமே அவர்கள் நம்பியிருக்க நேர்ந்தது. கொடுப்பதற்கு மட்டும் குடிகள், கொள்வதற்கு அயலார். இத்தகைய கணக்கை எந்த வணிகனும் ஒப்பமாட்டான், நகராட்சி ஒப்பியது.

அந்நகரில் டேப் என்னும் குடும்பம் ஒன்று வாழ்ந்தது. தலைவர் ஜோசப் டேப், சீன நாட்டிலிருந்து சிறுவனாய் வந்து, பால்பண்ணைக்காரர் ஒருவரிடம் ஏவலனாய் இருந்து, பால்வண்டி ஓட்டி, பின்னர்ச் சொந்தமாகப் பாரவண்டித் தொழில் நடத்தி உயர்ந்தவர். சீனத் துணைத்தூதரகத்தின் பொருட்டு மொழிபெயர்ப்பும் செய்தார். அவர் மனைவி மேரி, பதினொரு வயதிற் சீனத்திலிருந்து வந்தவள். மாதர் சிலர் நடத்திய அடைக்கல இல்லத்தில் வளர்ந்தவள். ஆங்கிலம் அவளுக்குத் தாய்மொழி போல் ஆயிற்று. ஓவியம் தீட்டுவாள், நிழற்படம் பிடிப்பாள், தந்தி அடிக்கவும் கற்றிருந்தாள். இருவரும் 1875 இல் மணம் செய்துகொண்டனர். சீனர் நெருங்கி வாழ்ந்த தெருக்களில் அவர்கள் குடியிருக்கவில்லை. வெள்ளையர் நடுவே வீடு. வெள்ளையர் பிள்ளைகளே தம் பிள்ளைகளுக்குத் தோழர். மூத்த மகள் மேமி அந்நகரிலேயே பிறந்தவள். அவளை ஆங்கிலச் சிறுமியரினின்றும் பிரித்தறிய முகம் ஒன்றன்றி வேறு அடையாளம் இல்லை.

1884 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், மேரி மேமியை அருகிலிருந்த ஸ்பிரிங் வேலி தொடக்கப்பள்ளிக்கு அழைத்துச் சென்றாள். தலைமையாசிரியை ஜென்னி ஹர்லி அச்சிறுமியை நோக்கினார், சேர்க்க மறுத்தார். நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளராகிய ஆண்ட்ரு மோல்டர் அம்மறுப்பை ஆதரித்தார். சீனக் குழந்தையைச் சேர்க்கும் தலைமையாசிரியரை வேலையினின்றும் நீக்குவோம் என்று கல்விக்குழுவும் தீர்மானம் செய்தது. பலர் இதைக் கேட்டதும் தலை கவிழ்ந்து வீடு திரும்பியிருப்பர். டேப் குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர்.

அவர்கள் பக்கத்தில் ஒரு சட்டம் இருந்தது. கலிபோர்னியாவின் கல்விச் சட்டம் 1880 இல் திருத்தப்பெற்றபோது, ஆறு வயது முதல் இருபத்தொரு வயது வரையில் அவ்வட்டத்தில் வாழும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளி திறந்திருத்தல் வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது. தீயொழுக்கமும் தூய்மையின்மையும் உடைய பிள்ளைகளையும், ஒட்டும் நோய் உடையோரையும் மட்டுமே விலக்கலாம். மேமிக்கு நோயும் இல்லை, தீயொழுக்கமும் இல்லை. 1885 சனவரியில் நீதிபதி ஜேம்ஸ் மகுவயர் அவளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். பெற்றோரிடம் பள்ளிக்கென வரி வாங்கிக்கொண்டு, இந்நாட்டிற் பிறந்த அவர்கள் பிள்ளைக்குக் கல்வியை மறுப்பது நீதியாகாது என்பது அவர் கருத்து. கல்விக்குழுவினர் மேல்முறையீடு செய்தனர். மார்ச்சுத் திங்களில் மாநிலத்தின் உச்ச நீதிமன்றமும் அத்தீர்ப்பையே உறுதி செய்தது.

வழக்கில் வென்றவர் பள்ளியில் நுழைந்தனர் என்று இவ்வரலாற்றை முடித்தல் கூடுமாயின் எத்துணை நன்று! மோல்டர் வாளா இருந்தாரல்லர். மாநிலச் சட்டமன்றத்துக்குத் தந்தி அடித்தார். சில நாளில் ஒரு புதிய சட்டம் பிறந்தது. சீனப் பிள்ளைகளுக்கெனத் தனிப்பள்ளி அமைக்கலாம். அவ்வாறு அமைத்தபின் அவர்களை வேறு பள்ளியிற் சேர்த்தலாகாது என்பதே அது. ஏப்ரல் திங்களில் மேரி வழக்கறிஞருடன் மகளை மீண்டும் அழைத்துச் சென்றபோது தனிப்பள்ளி இன்னும் திறக்கப்படவில்லை. எனவே ஹர்லி அம்மையார் வேறு காரணம் காட்டினார். அம்மை குத்தியதற்கு முறையான சான்று இல்லை. வகுப்பிலோ இடமும் இல்லை. பெயரைக் காத்திருப்போர் பட்டியலில் எழுதிக்கொள்கிறேன் என்றார். கதவை அறைந்து சாத்துதல் ஒரு வகை. தாழ்ப்பாள் ஓசை கேளாமல் மெல்ல இடுதல் மற்றொரு வகை. பின்னதே எதிர்த்தற்கு அரியது.

மேரி தன் ஆற்றாமையைக் கல்விக்குழுவுக்கு ஒரு மடலாக எழுதினாள். நாளிதழ் ஒன்று அதனை வெளியிட்டது. சீனராய்ப் பிறத்தல் இழிவோ என்றும், கடவுள் எங்களையும் படைத்திலரோ என்றும் அதில் வினவினாள். தன் மகள் உடையிலும் பழக்கத்திலும் மற்றைச் சிறுமியரை ஒத்தவள் என்றும், அவளைச் சீனர் தனிப்பள்ளிக்கு ஒருபோதும் அனுப்பேன் என்றும் எழுதினாள். எழுத்துப் பிழைகள் மலிந்த அம்மடல், பிழையற்ற தீர்மானங்கள் பலவற்றைக் காட்டிலும் இன்று மிகுதியாகப் படிக்கப்படுகிறது. ஆயினும் தாயின் சூளுரை நிலைக்கவில்லை. கற்கும் வயது காத்திருப்பதில்லை அன்றோ? சீனர் பகுதியில், ஒரு மளிகைக் கடையின் மேன்மாடியில், 1885 ஏப்ரல் 13 ஆம் நாள் திறக்கப்பெற்ற தனிப்பள்ளிக்கு முதன்முதல் வந்த பிள்ளைகளுள் மேமியும் அவள் தம்பி பிராங்கும் இருந்தனர். பத்து ஆண்டுகள் கழித்து அக்குடும்பம் வளைகுடாவைக் கடந்து பெர்க்கிலி நகரிற் குடியேறியது. அங்குள்ள பள்ளிகளில் இத்தகைய பிரிவினை இல்லை.

அத்தனிப்பள்ளிச் சட்டம் நெடுங்காலம் வாழ்ந்தது. 1906 இல் நிலநடுக்கமும் தீயும் நகரை அழித்த அதே ஆண்டில், ஜப்பானியப் பிள்ளைகளையும் கொரியப் பிள்ளைகளையும் அப்பள்ளிக்கே செல்லுமாறு கல்விக்குழு ஆணையிட்டது. ஜப்பான் அரசு முறையிட்டது. குடியரசுத் தலைவர் தியோடர் ரூசவெல்ட் நகர்த்தலைவரையும் கல்விக்குழுவினரையும் வாஷிங்டனுக்கு அழைத்துப் பேசினார். ஆணை திரும்பப் பெறப்பட்டது. கேட்பதற்கு வலிய அரசு ஒன்று பின்னிருந்த பிள்ளைகள் தப்பினர். சீனப் பிள்ளைகளுக்கு அந்நாளில் அத்தகைய துணை இல்லை. பின்னர், மெக்சிக்கோக் குடிகளின் பிள்ளைகளைத் தனிப்பள்ளியில் வைத்தது தவறு என்று தென்கலிபோர்னியாவில் எழுந்த வழக்கொன்றில் தீர்ப்பு வந்த 1947 ஆம் ஆண்டிலேதான், பழைய சட்டப் பகுதி நீக்கப்பட்டது. அந்நீக்கத்தில் ஒப்பமிட்ட ஆளுநர் எர்ல் வாரன். ஏழாண்டு கழித்து, கறுப்பர்க்கும் வெள்ளையர்க்கும் தனித்தனிப் பள்ளி வைத்தல் அரசியலமைப்புக்கு மாறு என்று நாடு முழுவதற்கும் தீர்ப்புரைத்த தலைமை நீதிபதியும் அவரே.

வாயில் திறந்தது. உள்ளே சென்ற பிள்ளைக்கு இரண்டாவது கதவு ஒன்று இருந்தது. அது மொழி.

1965 இற் குடியேற்றச் சட்டம் தளர்ந்தபின் ஆசிய நாடுகளிலிருந்து குடும்பங்கள் மிகுதியாக வந்தன. சான் பிரான்சிஸ்கோப் பள்ளிகளில் ஆங்கிலம் அறியாத சீன மாணவர் 2,856 பேர் இருந்தனர். அவருள் ஏறக்குறைய 1,800 பேருக்குத் தனியாக ஆங்கிலம் கற்பிக்க ஏற்பாடு ஏதும் செய்யப்படவில்லை. காலையில் வருவர், பலகையில் அமர்வர், ஆசிரியர் உதடு அசைவதைப் பார்ப்பர், மாலையில் வீடு செல்வர். அவர்கள் சார்பாக 1970 இல் தொடுக்கப்பெற்ற வழக்கில், நகரப் பள்ளிகளின் விடை எளியதாக இருந்தது: எல்லாருக்கும் ஒரே கட்டடம், ஒரே நூல், ஒரே ஆசிரியர், வேறுபாடு எங்கே இருக்கிறது? கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் இதை ஏற்றன. 1974 சனவரி 21 ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் ஒருமித்து இதனை மறுத்தது. ஒரே நூலைக் கையிற் கொடுப்பதனால் மட்டும் சமநிலை உண்டாகாது, பாடம் விளங்காத மாணவன் கல்வியினின்றும் விலக்கப்பட்டவனே ஆவான் என்று நீதிபதி வில்லியம் டக்ளஸ் எழுதினார். எம்முறையிற் கற்பிக்க வேண்டும் என்று நீதிமன்றம் வகுக்கவில்லை. அதைப் பள்ளிகளிடமே விட்டது. தனியே ஆங்கிலம் கற்பித்தல், தாய்மொழியிலும் சிறிது காலம் பாடம் சொல்லுதல் எனப் பல வழிகள் பின்னர்த் தோன்றின. எது சிறந்தது என்னும் வாதம் இன்னும் ஓயவில்லை.

மூன்றாவது கதவு டெக்சாஸ் மாநிலத்தில் இருந்தது. உரிய அனுமதியின்றி நாட்டினுள் வந்த பிள்ளைகளுக்காகப் பள்ளிகளுக்குப் பொருள் தர இயலாது என்றும், அவர்களைச் சேர்க்காது விடலாம் என்றும் அம்மாநிலம் 1975 இற் சட்டம் செய்தது. ரோசாத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற டைலர் என்னும் ஊரில், 1977 இல், அத்தகைய பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு ஆயிரம் டாலர் கட்டணம் என்று கூறப்பட்டது. மெக்சிக்கோவிலிருந்து வந்த கூலி வேலைக்காரர்களுக்கு அது எட்டாப் பொருள். நான்கு குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர்.

அவர்கள் எதனைப் பணயமாக வைத்தனர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நீதிமன்றத்தில் தோன்றுதல் என்றால், 'யாம் அனுமதியின்றி வந்தோம்' என்று அரசின் முன்னிலையில் தாமே கூறுதலாகும். அன்றே பிடித்து நாடு கடத்தினும் கடத்துவர். அவர்களைப் பலர் கண்படாமற் காக்கும் பொருட்டு நீதிபதி வில்லியம் வேய்ன் ஜஸ்டிஸ் விசாரணையை விடியற்காலை ஆறு மணிக்கு வைத்தார். வீடு திரும்புவோமோ மாட்டோமோ என்னும் ஐயத்தால், தட்டுமுட்டுப் பொருள்களை ஊர்தியில் ஏற்றிக்கொண்டே வந்தனராம். பிள்ளைகளை இரண்டாம் வகுப்பிலும் மூன்றாம் வகுப்பிலும் உட்கார வைக்கும் ஒன்றற்காகவே அத்தனையும்!

வழக்கு உச்ச நீதிமன்றம் வரையிற் சென்றது. 1982 சூன் 15 ஆம் நாள் ஐவர் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமுமாகத் தீர்ப்பு அமைந்தது. பெற்றோர் செய்ததற்குப் பிள்ளைகளை ஒறுத்தல் முறையன்று. எழுத்தறியா ஒரு கூட்டத்தை நாட்டினுள் என்றும் கீழ்நிலையில் வைத்திருத்தல் நாட்டுக்கே கேடு என்று நீதிபதி பிரென்னன் பெரும்பான்மையோர் சார்பாக எழுதினார். மாறுபட்ட நால்வரும் பிள்ளைகளைக் கல்லாமல் விடுதல் நன்றென்று கூறினாரல்லர். அதனைச் சரிசெய்யும் கடமை சட்டமன்றத்துக்கு உரியதென்பதே அவர் வாதம். வழக்கில் எதிரியாய் நின்ற டைலர் நகரப் பள்ளிக் கண்காணிப்பாளரே, தாம் தோற்றது நன்றாயிற்று என்று பிற்காலத்திற் கூறினார். தோல்வியை வாழ்த்தும் பெருமை எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

இன்று அந்நாட்டிற் குடியேறும் குடும்பம் பள்ளியை நாடிச் செல்லும்போது, பெரும்பாலும் முதலிற் கேட்கப்படுவது வீட்டு முகவரி. பெரும்பாலான ஊர்களில் முகவரியைக் கொண்டே பள்ளி குறிக்கப்படும். வாடகை ஒப்பந்தமோ மின்கட்டணச் சீட்டோ அதற்குச் சான்று. அடுத்தது பிள்ளையின் வயது. எவ்வகுப்பிற் படித்தது என்பதைக் காட்டிலும் எத்தனை வயது என்பதையே அவர்கள் பெரிதும் நோக்குவர். மொழி தெரியாத பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ஐந்து வயதுப் பிள்ளைகளோடு உட்கார வைப்பதில்லை. மூன்றாவது தடுப்பூசிச் சான்று. மேமியை வாயிலிற் காக்க வைத்த அதே சான்றுதான்! இக்காலத்தில் அதன் பட்டியல் நீண்டுவிட்டது. இளம்பிள்ளை வாதம், தட்டம்மை, கக்குவான் இருமல் முதலிய நோய்களுக்கெல்லாம் ஊசி கேட்பர். தாய்நாட்டு மருத்துவர் எழுதித் தந்த துண்டுச்சீட்டைத் தொலைத்துவிட்டுத் துன்புறும் பெற்றோர் பலர். பயணப்பெட்டியில் முதலில் வைக்கத் தக்கது அச்சீட்டு. வீடற்று அலையும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கோ, ஆவணம் ஒன்றும் இல்லையாயினும் உடனே சேர்த்துக்கொள்ளுமாறு தனிச்சட்டம் உண்டு.

பின்னர் மொழித் தேர்வு நிகழும். பிள்ளை அஞ்சுதல் இயல்பே. ஆயின் அது தேறுதலும் தவறுதலும் உடைய தேர்வன்று. எத்துணை உதவி வேண்டும் என்று அளந்தறியும் கோல். விளையாட்டிடத்துப் பேச்சை இரண்டொரு ஆண்டிற் பிள்ளைகள் பற்றிக்கொள்வர் என்றும், பாடநூல் மொழியை மற்றைப் பிள்ளைகளுக்கு நிகராகக் கைக்கொள்ள ஐந்து முதல் ஏழாண்டு வரையிற் செல்லும் என்றும் ஆராய்ந்தோர் கூறுவர். தடையின்றிப் பேசும் பிள்ளை ஏன் கட்டுரையிற் பின்தங்குகிறது என்று பெற்றோர் வெகுளுதற்கு முன் இதனை அறிதல் நலம். முதற் சில திங்கள் வாயே திறவாத பிள்ளைகளும் உண்டு. அவர்கள் மந்தர் அல்லர், காதினாற் கற்றுக்கொண்டிருப்பவர். ஓராண்டு கழிந்ததும் அதே பிள்ளை, மருத்துவமனையிலும் கடையிலும் தாய்க்கு மொழிபெயர்ப்பாளனாய் நிற்கும். பத்து வயதில் இது பெருஞ்சுமை. சில பள்ளிகள் பெற்றோர் கூட்டத்துக்கு மொழிபெயர்ப்போரை அமர்த்துவது இச்சுமையை இறக்குதற்கே.

மேமி பிறந்த கலிபோர்னியா மாநிலத்துக்கு இன்று கணிப்பொறித் தொழிலை நாடித் தமிழ்க் குடும்பங்களும் செல்கின்றன. அங்கே பிள்ளையைச் சேர்க்கச் செல்லும் பெற்றோரிடம் அலுவலகத்தார் ஒரு தாளைத் தருவர். அதன் முதல் வினா, பிள்ளை பேசத் தொடங்கியபோது எம்மொழியிற் பேசிற்று என்பதாகும். சீன மாணவர் தொடுத்த வழக்கின் வழியே வந்த தாள் அது. வேற்றுமொழியை எழுதினால் பிள்ளையைத் தாழ்த்திவிடுவரோ என்றஞ்சி, சிலர் அவ்விடத்தில் 'ஆங்கிலம்' என்று எழுதிவிடுகின்றனர். அதனால் உரிய உதவியைப் பிள்ளை இழக்கிறது. உள்ளதை உள்ளவாறு எழுதுவோர் 'தமிழ்' என்று எழுதிக் கீழே கையொப்பமிடுவர். எழுத்தர் தாளை வாங்கி அடுக்கில் வைக்கிறார். ஆசிரியை வந்து பெயரைக் கேட்கிறார். ஒருமுறை தவறாகவும் மறுமுறை ஏறக்குறையச் சரியாகவும் ஒலிக்கிறார். தாய் கையை விடுகிறாள். பிள்ளை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, உள்ளே செல்கிறது.